கார்கி கேட்ட பாவும் ஊடையும்

பிருகதாரண்யக உபநிடதத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெண் சபையில் நின்று நெசவைப் பற்றிக் கேட்கிறாள். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு அதை யாரும் சொன்னதில்லை. ஏனாத்தூர் நூலகத்தில் தமிழ் உரையோடு கிடைத்த ஒரு புத்தகத்தில் நானாகப் படித்தேன்.

ஏனாத்தூர் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர். காஞ்சி மடத்தின் 68-ஆவது பீடாதிபதியான சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பெயரில் 1993-இல் அங்கே நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வந்தது. மறு வருடம் ஜனவரி 8-ஆம் தேதி பெரியவர் சித்தியானார். பொறியியல் பாடமும் சமஸ்கிருதமும் ஒரே வளாகத்தில் நடக்கும். எனக்குப் படிக்க வேண்டிய பாடம் வேறு. ஆனால் மதிய வேளையில் கால்கள் தானாக நூலகத்துப் பக்கம் போய்விடும்.

ஜனகர் சபை. கொம்பில் பொன் கட்டிய ஆயிரம் பசுக்கள் நிற்கின்றன. உங்களில் யார் பெரிய ஞானியோ அவர் ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிறார் அரசர். யாக்ஞவல்கியர் என்ற ரிஷி தன் சீடனைக் கூப்பிட்டுப் பசுக்களை ஓட்டச் சொல்லிவிடுகிறார். மற்றவர்களுக்குக் கோபம். ஒவ்வொருவராக அவரை மடக்கப் பார்க்கிறார்கள். அப்போதுதான் கார்கி எழுந்திருக்கிறாள். இந்த உலகம் எல்லாம் நீரில் பாவும் ஊடையுமாக, நீள இழையும் குறுக்கிழையுமாக, நெய்யப்பட்டிருக்கிறது என்றால், நீர் எதில் நெய்யப்பட்டிருக்கிறது? காற்றில் என்கிறார் அவர். காற்று எதில்? இப்படியே சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள், தேவர்கள், பிரஜாபதி என்று ஏறிக்கொண்டே போகிறது கேள்வி. பிரம்மலோகம் எதில் என்று கேட்டதும் அவர் தடுக்கிறார். அளவுக்கு மீறிக் கேட்காதே, தலை விழுந்துவிடும் என்கிறார்.

அன்று சாயங்காலமே வீட்டில் இதைச் சொன்னேன். தாத்தா குழித்தறியில் இருந்தார். ஆயா தாழ்வாரத்தில் ராட்டினத்தை வைத்துக்கொண்டு தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணு தறிக்காரங்க வூட்டுப் பொண்ணா?” என்றாள்.

“இல்ல ஆயா, ரிஷி பரம்பரை.”

“பின்ன பாவு, ஊடைன்னு எப்படிக் கேட்டா?” கொஞ்ச நேரம் ராட்டினம் மட்டும் சுற்றியது. “சரிம்மா, எல்லாத்தையும் நெஞ்சிட்டாங்க. நெய்யறவர் எங்க உக்காந்து நெஞ்சாரு? தறிக்குழி எங்க இருக்கு?”

என்னிடம் பதில் இல்லை. தறிவீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். குழித்தறிக்கு முதலில் இடம் வேண்டும். குழியில் கால் இறங்க வேண்டும், மிதி எட்ட வேண்டும், இந்தப் பக்கம் ஆள் உட்கார வேண்டும், அந்தப் பக்கம் பாவு நீள வேண்டும். கோர்வைச் சேலையென்றால் மூன்று நாடா, கரை இழுத்துக்கொடுக்க இன்னொரு ஆள். இடமில்லாமல் நெசவில்லை. ஆயா வானத்தையும் அப்படித்தான் பார்த்தாள்.

அவள் பாவு பிணைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முடிந்த பாவின் இழை நுனியை இடக்கையில் பிடிப்பாள். புதுப் பாவின் இழையை அதோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு முறுக்குவாள். முடிச்சு விழாது, ஆனால் இழுத்தால் வராது. ஆயிரக்கணக்கான இழை. ஒன்று விட்டாலும் சேலை முழுக்கக் கோடு தெரியும். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு அவளோடு போவேன். பெருமாளுக்கு முன்னால் திவ்வியப் பிரபந்த கோஷ்டி, பின்னால் வேத கோஷ்டி. தமிழ் முன்னே போக, வடமொழி பின்னே வரும் இந்த வரிசையில் எனக்குத் தீராத மதிப்பு உண்டு. ஆழ்வார் பாட்டில் இரண்டொரு சொல் பிடிபட்டால் ஆயாவுக்கு முகம் மலரும். பெருமாள் நகர்ந்த பிறகும் அவள் கைகூப்பியபடியே நிற்பாள். “பின்னால வர்றவங்க சொல்றது ஒண்ணும் புரியல, கேக்க நல்லா இருக்கு” என்பாள்.

வேதத்தின் ஒலியைக் காப்பதற்கு நம் முன்னோர் பட்ட பாடு சாமானியமானதல்ல. பாடசாலையில் குரு ஒருமுறை சொல்ல, பிள்ளைகள் இருமுறை திருப்பிச் சொல்வார்கள். சந்தை சொல்வது என்று அதற்குப் பெயர். சின்னப் பையன் தலையைக் கையால் பிடித்து, ஸ்வரம் தாழும் இடத்தில் தாழ்த்தி, ஏறும் இடத்தில் உயர்த்திக் காட்டுவார்கள். உடம்பே மனப்பாடம் செய்துகொள்ளும். கனம் என்ற முறையில் ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, மறுபடி ஒன்று இரண்டு மூன்று என்று சொற்களை முன்னும் பின்னும் கோத்துச் சொல்வார்கள். ஒரு எழுத்து பிசகினாலும் உடனே தெரிந்துவிடும். 2003-இல் யுனெஸ்கோ வேதம் ஓதும் மரபை மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வமாக அறிவித்தது. அது தகும்.

பொருளுக்கு அந்தப் பாடு படவில்லை. யார் ஓதலாம், யார் கேட்கலாம் என்று நூற்றாண்டுக்கணக்கில் வேலி போட்டோம். கார்கி பேசிய நூலையே பெண்களுக்கு எட்டாமல் வைத்தோம். இதை எந்தச் சமாதானமும் சரிக்கட்டாது.

பல வருடம் கழித்து ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தைத் தமிழில் புரட்டிக்கொண்டிருந்தேன். 81-ஆவது சூக்தம், விசுவகர்மாவைப் பற்றியது. அதைப் பாடிய ரிஷி கேட்கிறார்: பூமியைப் படைத்தபோது அவன் எங்கே இருந்தான்? எதைப் பிடிமானமாகக் கொண்டான்? வானத்தையும் பூமியையும் செதுக்கியது எந்த மரத்திலிருந்து? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆயா கேட்டது இதைத்தான். யஜுர் வேதத்திலும் இந்த மந்திரங்கள் வருகின்றன. கருட சேவைக்குப் பின்னால் போன அந்த ஒலிக்குள் அவளுடைய கேள்வியும் போயிருக்கலாம். இதை அவளிடம் சொல்ல, அப்போது அவள் இல்லை.

இன்று சாத்திரம் கைபேசியிலேயே கிடைக்கிறது. காலையில் எழுந்தால் வாட்ஸ்அப்பில் சுலோகம், கூடவே விமானமும் அணுவும் வேதத்தில் அன்றே இருந்தன என்று ஒரு செய்தி. அனுப்புகிறவர்களின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் விடை தெரிந்துவிட்டது என்று சொல்லும் இடத்தில் அந்த நூல்கள் நிற்கவில்லை. கார்கி தலை விழும் என்ற எச்சரிக்கைக்குப் பிறகும் அதே அத்தியாயத்தில் திரும்ப எழுகிறாள். வில்லை நாணேற்றி இரண்டு அம்போடு வரும் வீரனைப் போல இரண்டு கேள்வியோடு வந்திருக்கிறேன் என்கிறாள். மறுபடியும் அதே பாவு, அதே ஊடை. ஆகாயம் எதில் நெய்யப்பட்டது? இம்முறை யாக்ஞவல்கியர் தடுக்கவில்லை. பருமையும் நுண்மையும் இல்லாத, அழியாத ஒன்றில் என்று பதில் சொல்கிறார். இவரை வெல்ல உங்களால் ஆகாது என்று சபைக்குத் தீர்ப்புச் சொல்வதும் அவள்தான்.

மனசு கலங்கி எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கும் இன்றைய ஆளுக்கு இதைவிட என்ன துணை வேண்டும்? கேள்வி கேட்பதே வழிபாடு என்று அந்த அத்தியாயம் எனக்குச் சொன்னது.

இந்த நூல்களைத் தமிழில் கொடுக்க வழி இல்லாமல் இல்லை. மணக்கால் ஜம்புநாதன் நான்கு வேதங்களையும் தமிழாக்கினார். பாரதி கீதையைத் தமிழில் தந்தார். காஞ்சிப் பெரியவரின் உபன்யாசங்களை ரா. கணபதி ‘தெய்வத்தின் குரல்’ என்று ஏழு தொகுதிகளாக்கினார். புத்தகம் இருக்கிறது, தெருவுக்கு வரவில்லை. ஏனாத்தூரிலிருந்து பிள்ளையார்பாளையம் அதிக தூரமில்லை. ஏனாத்தூரில் சமஸ்கிருதம் படிக்கும் பிள்ளைகளே, ஒரு மாலை பிருகதாரண்யகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைத் தமிழில் எடுத்துக்கொண்டு வாருங்கள். தார் சுற்றும் பெண்கள் நடுவில் உட்கார்ந்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும் எழுந்துவிடாதீர்கள், அவர்கள் கேட்பதற்கு நேரம் கொடுங்கள்.