மூக்குடைந்த கத்தி

ஒரு பேனாக்கத்தி வாங்கக் கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துக் கத்திகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஒன்றின் முனை ஊசி போல் இருக்கிறது. இன்னொன்றின் முனை கிளி மூக்குப் போல் வளைந்திருக்கிறது. ஓரத்தில் ஒன்று மொண்ணையாக, தூங்குமூஞ்சி மாதிரிக் கிடக்கிறது. எதை எடுப்பீர்கள்?

"ஊசிமுனையைத்தான்!" என்கிறீர்கள். தெரியும். நானும் அதைத்தான் எடுத்தேன். எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனேன். அங்கே நான் பட்ட பாட்டைச் சொன்னால், அடுத்த முறை நீங்கள் அந்தத் தூங்குமூஞ்சியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பீர்கள்.

கத்தி எனக்காக வாங்கியதல்ல. என் தங்கை மகன் விவசாயக் கல்லூரியில் சேர்ந்திருந்தான். "மாமா, விடுதியில் வைத்துக்கொள்ள ஒரு நல்ல மடக்குக் கத்தி வேண்டும்" என்று கேட்டிருந்தான். மருமகன் கேட்டு மாமன் இல்லையென்று சொல்லலாமா? கடைக்காரர் எடுத்துக் காட்டியவற்றிலேயே மிக அழகானதை வாங்கினேன். எருமைக்கொம்புப் பிடி, இரு முனையிலும் பித்தளைப் பூண், மூன்றரை அங்குல அலகு. அதன் முதுகு பாதி தூரம் நேராக வந்து, பிறகு யாரோ கடித்து எடுத்தது போல் உள்வாங்கி, ஊசியாக முடியும். சினிமாவில் வில்லன் கையில் பார்த்திருப்பீர்களே, அதே ஜாதி.

அவன் ஊருக்குப் போகும் வழியில் கல்வராயன் மலையையும் பார்த்துவிடலாமே என்று கள்ளக்குறிச்சியில் இறங்கினேன். 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய ஊர். இந்தப் பக்கத்து மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சிற்பக்கூடத்தில் எட்டிப் பார்த்தேன். சிற்பி எதிரே இருபது முப்பது உளிகள். ஒன்றின் வாய் தட்டை, ஒன்று பிறை, ஒன்று நகக்கண் போலக் குழி. "இத்தனை எதற்கு?" என்று கேட்டேன். "மூக்குக்கு ஒண்ணு, மாலைக்கு ஒண்ணு, மடிப்புக்கு ஒண்ணுங்க" என்றார். அந்தப் பதிலை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையில் இருந்த அழகனைத் தடவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் கோமுகி அணை. 46 அடி உயர அணைக்குப் பின்னால் நீலமாக மலை நிற்கிறது. அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு படி குளிர்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை இது. 2000 அடி, 3000 அடி உயரத்தில் மேட்டு நிலங்களும் சின்னச் சின்ன ஊர்களுமாகப் பரந்து கிடக்கிறது. கல்வராயன் மலை வட்டத்துக்குத் தலைநகரம் வெள்ளிமலைதான். பெயரைக் கேட்டு அங்கே வெள்ளியைத் தேடாதீர்கள், மரவள்ளியைத் தேடுங்கள். பார்த்த இடமெல்லாம் அதுதான். இங்கே விளையும் கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போய், வெண்முத்து ஜவ்வரிசியாக நம் வீட்டுப் பாயசத்துக்கு வருகிறது. கடுக்காய், தேன், சாமை எல்லாம் உண்டு.

மலையில் வாழ்கிறவர்களை மலையாளிகள் என்கிறார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை.

நண்பர் ஒருவர் சொல்லியனுப்பியிருந்த பெரியவர் வீட்டுக்குப் போனேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும். கவுண்டர் என்னை உட்கார வைத்து, அப்போதே ஒரு மரவள்ளிச் செடியைப் பிடுங்கி வந்து, கிழங்கை மண் போகக் கழுவி முற்றத்தில் போட்டார். எதிரே ஐந்து வயதுப் பேத்தி, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, பட்டணத்து ஆசாமியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கெட்ட நேரம், "நான் உரிக்கிறேன் கவுண்டரே!" என்று கத்தியை எடுத்தேன்.

மரவள்ளியை உரிக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். நெடுக ஒரு கீறு கீறி, தோலுக்கு அடியில் கத்தியைக் கொடுத்து மெல்ல விலக்கினால் தடித்த தோல் பட்டையாகக் கழன்று வரும். கீறினேன். முனையை நுழைத்தேன். நெம்பினேன்.

'டிக்!'

அவ்வளவுதான். முனை ஒடிந்து பறந்தது. குழந்தை 'ஆ' என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். கையை விலக்கிப் பார்த்தால் குன்றிமணி அளவுக்கு ஒரு சொட்டு ரத்தம். கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே! நேயர்களே, எனக்கு அந்த மலைக் குளிரிலும் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஒரு விரற்கடை மேலே போயிருந்தால்? அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

பாட்டி ஓடி வந்து முந்தானையால் துடைத்தாள். சின்னக் கீறல்தான். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கூட விட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கவுண்டர் ஒன்றும் சொல்லவில்லை. என் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கத்தி ரொம்ப அழகுதானுங்க. ஆனா குத்துறதுக்குச் செஞ்சதை வெச்சு நெம்பலாமா?" என்றார். பிறகு கூரையில் செருகியிருந்த தம் கத்தியை எடுத்தார். நேரான வாய், மழுங்கிய முனை, தேய்ந்துபோன மரப்பிடி. நாலே நிமிஷத்தில் கிழங்கு வெள்ளை வெளேரென்று கிடந்தது.

அப்புறம் தம்முடைய ஆயுதசாலையையே காட்டினார். சாமை அறுக்கக் கருக்கரிவாள். அதன் வாயில் பொடிப் பற்கள் இருக்கும். தாள் வழுக்காமல் பிடித்து அறுப்பதற்காக அந்தப் பற்கள். விறகுக்கும் புதருக்கும் கொடுவாள். வளைந்த மூக்கு கிளையை இழுத்துப் பிடிக்கும். வாய் தரையில் இடிக்காமலும் காக்கும். மரவள்ளிக் குச்சியை நடுவதற்குக் கரணையாக நறுக்கத் தனியாக ஒரு கத்தி. "வெட்டு நசுங்கினா குச்சி அழுகிப்போகும். ஒரே வீச்சில சுத்தமா விழணும்" என்றார்.

கொடுவாளைத் தொட்டு, "இது எங்கப்பா வெச்சிருந்ததுங்க. அவரு காலத்துல இது வெட்டினதெல்லாம் அடுத்தவங்களுக்கு. இப்போ எனக்கு" என்றார். இந்த மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது. கூலியில்லாத ஊழியத்தைப் பல தலைமுறை கண்டது. 1976-ல்தான் ஜாகீர் முறை போய் மலை நேரடியாக அரசாங்கத்தின் கீழ் வந்தது. அந்தக் கொடுவாளில் பளபளப்பு ஏதும் இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் அதைவிட அழகான பொருள் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

சரி, மருமகனுக்கு என்ன சொல்வது? மலை இறங்கியதும் அடிவாரத்தில், சாலையோரக் கொல்லுப்பட்டறை ஒன்றில் நுழைந்தேன். லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அரிவாள் அடித்துக்கொண்டிருந்தார் கொல்லர். ஒடிந்த கத்தியை நீட்டினேன்.

"முனை ஒடிஞ்சா வாயைத் தேய்க்கக் கூடாதுங்க. முதுகைத்தான் தேய்க்கணும்" என்றார். விஷயம் எளிது. வாய்ப்பக்கம்தான் வெட்டும் பக்கம். அதை அப்படியே விட்டுவிட்டு, முதுகைச் சாய்வாகத் தேய்த்து, முன்னால் வாயோடு கொண்டுபோய்ச் சேர்த்தால் புது முனை கிடைத்துவிடும். சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு, தண்ணீரில் ஒரு முக்கு. மறுபடி இரண்டு இழுப்பு, ஒரு முக்கு. "சூடேறி நீல நிறம் தட்டிச்சுன்னா பதம் போச்சு. அப்புறம் அது வெறும் தகரம்" என்றார். ஏறக்குறைய 300 டிகிரியில் எஃகின் மேல் அந்த நீலம் ஓடும். வெப்பமானி இல்லாமலே அவர் கண் அதை அறிந்திருந்தது.

கால் மணியில் என் வில்லன் சாதுவாகிவிட்டான். வாய் நேராக, முதுகு முன்னால் கவிழ்ந்து, ஆட்டுக் குளம்பு போல. மேல்நாட்டிலும் இந்த உருவத்துக்கு ஆட்டுக்கால் என்றே பெயர். ஆடுகிற கப்பலில் கயிறு அறுக்கும்போது பக்கத்து ஆளைக் குத்திவிடக் கூடாதே என்று மாலுமிகள் விரும்பி வைத்துக்கொண்டது இது.

நான் ஏமாந்த அந்தக் கடித்தெடுத்த முனைக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஜிம் பூயி என்பவர் 1827-ல் மிஸ்ஸிஸிப்பி நதித் திட்டு ஒன்றில் நடந்த சண்டையில் ஒரு பெரிய கத்தியால் பெயர் பெற்றார். உடனே எல்லோருக்கும் 'பூயி கத்தி' வேண்டும் என்ற மோகம் பிறந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துப் பட்டறைகள் வளைத்து நெளித்துச் செய்து கப்பல் கப்பலாக அனுப்பின. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கத்தியைச் செய்வித்த அவர் அண்ணன் ரெஸின் பூயி, 1838-ல் எழுதிய கடிதத்தில், அது வளைவில்லாத, ஒன்பதேகால் அங்குல நீளமுள்ள சாதாரண வேட்டைக் கத்தி என்று சொல்லிவிட்டார்! அசல் நேர், நகல்தான் நெளிவு.

ஊசிமுனையே கூடாதென்று நான் சொல்லவில்லை. முள் எடுக்க, தோலில் துளை போட, நுணுக்கமாகக் கீற அதுதான் வேண்டும். பழம் நறுக்க, பென்சில் சீவ, தபால் உறை பிரிக்க, முதுகு மெல்லச் சரிந்து வரும் சாதாரண முனை போதும். சணல் அறுக்க, அட்டைப்பெட்டி கிழிக்க, குழந்தைகள் உள்ள வீட்டில் புழங்க ஆட்டுக்குளம்பு. பூஞ்செடியில் கிளை கழிக்கக் கிளிமூக்கு. எந்தக் கத்தியாலும் எதையும் நெம்பாதீர்கள். அதற்குக் கடப்பாரை இருக்கிறது.

இன்னொன்று: வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் செய்யப்பட்டதல்லாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால், அது ஆயுதச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். ஆகவே வீரத்துக்காகப் பெரிதாக வாங்காதீர்கள்.

அழகே வேண்டாமா என்றால், தாராளமாக வேண்டும். அழகைப் பிடியில் பாருங்கள்; அலகை வேலையில் பாருங்கள்.

மருமகனிடம் நடந்ததையெல்லாம் சொல்லிக் கத்தியைக் கொடுத்தேன். மூக்கில்லாத கத்தியைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது. குழந்தையின் கன்னத்தைப் பற்றிச் சொன்னபோது பேசாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனேன். "கத்தி எப்படியடா இருக்கிறது?" என்றேன். அவன் பதில் சொல்லாமல் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினான்.

உள்ளே என் தங்கை அதே கத்தியால் மாங்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இது எங்கே கிடைத்தது? இவ்வளவு நல்ல கத்தி நான் பார்த்ததே இல்லை. அவனுக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிடு!" என்றாள்.

"இதே மாதிரியே வாங்குங்கள் மாமா" என்றான் பையன், வாசற்படியில் நின்றபடி.