பழைய எஞ்சினும் புதிய உறுப்பும்

அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் சாலைகளில் ஓடிய அம்பாசடர் காரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் உத்தர்பாரா ஆலையில் நின்றுவிட்டது. ஆயினும் அதைக் கைவிட மனமில்லாத குடும்பங்கள் இன்றும் உண்டு. நாவலூரில் நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர், நோயுற்ற தம் மனைவியை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதன்பொருட்டு, தம் பழைய அம்பாசடருக்குக் குளிர்சாதன வசதி செய்ய விரும்பினார்.

அவ்வண்டியில் இருப்பது 1489 சி.சி. எஞ்சின். அவருக்குக் கிடைத்ததோ, 1990-களில் அம்பாசடரில் இடம்பெற்ற 1800 சி.சி. இசுசு எஞ்சினுக்குரிய கம்ப்ரஸர். வண்டியின் பெயர் ஒன்றே, எஞ்சின்கள் வேறு. போல்ட் துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

மெக்கானிக் செய்ததைக் கூர்ந்து நோக்கினேன். கனத்த இரும்புத் தகட்டில் புதியதொரு பிராக்கெட் செய்தார். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். கோடு சற்றே பிசகினாலும் பெல்ட் தேய்ந்து அறுந்துவிடும். மின்சாரம் போதாதென்று டைனமோவைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் வைத்தார். கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னே அமர்வதால் எஞ்சின் சூடேறுமே என்று மின்விசிறி ஒன்றும் சேர்த்தார்.

வந்த உறுப்பை மட்டும் அவர் அராவவில்லை. இருந்த எஞ்சினும் அதற்காக மாறியது.

நம் இல்லங்களில் நடப்பது என்ன? மருமகளாய் வந்தவளிடம், "எங்கள் வழக்கத்திற்கு நீதான் இணங்க வேண்டும்" என்கிறோம். சமையலின் சுவை முதல் செபமாலை சொல்லும் நேரம்வரை எதையும் மாற்ற நாம் இசைவதில்லை. அவள் ஒருத்தியே தேய்கிறாள். உறவு அறுந்தபின் பழியும் அவள்மீதே விழுகிறது. பங்குப் பணியில் இத்தகைய கண்ணீரைப் பல இல்லங்களில் கண்டிருக்கிறேன்.

புதிய திராட்சை இரசத்தையும் பழைய தோற்பையையும் குறித்து ஆண்டவர் பேசியபோது, எதுவும் பாழாகாமல் இரண்டும் காக்கப்படவேண்டும் என்பதே அவர் கருத்து. திருமணமான மகனே, அந்தப் பிராக்கெட் நீதான். இருபுறமும் உறுதியாய்ப் பற்றி, நடுவில் எழும் அதிர்வைத் தாங்குவது உன் கடமை. பெற்றோரே, மருமகள் கற்கவேண்டியவற்றைப் பட்டியலிடுமுன், அவளுக்காக உங்கள் இல்லத்தில் நீங்கள் மாற்றவேண்டியவற்றை எண்ணிப் பாருங்கள். திருமணம் என்னும் திருவருட்சாதனம் அவ்வில்லத்தில் நிலைத்துப் பலன் தரும்.