தைத்த படகு

ஒவ்வொரு மனிதனுக்கும் ஏதாவது ஒரு பைத்தியம் இருக்கத்தான் செய்கிறது. சிலருக்குச் சங்கீதம், சிலருக்குத் தபால் தலை, வேறு சிலருக்கு அடுத்த வீட்டு வழக்கு. நமக்குப் பிடித்திருப்பது பழங்காலத்து வாகனங்களைப் பிளாஸ்டிக்கில் சிறிதாகச் செய்து பார்க்கும் பைத்தியம்.

"இந்த வயதில் பொம்மையா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பனங்காய்க் குரும்பை இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி ஓட்டாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? அந்தச் சந்தோஷம் சிலரை விட்டு எளிதில் நீங்குகிறது. சிலரை விட்டு நீங்குவதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இக்கலையைப் பற்றி அறியாத நேயர்களுக்காகச் சிறிது சொல்கிறோம். 1939-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் போன்ற கம்பெனிகள், ஒரு மோட்டாரின் அத்தனை உறுப்புக்களையும் தனித் தனியே பிளாஸ்டிக்கில் வார்த்து, ஒரு பெட்டியில் அடைத்து விற்கின்றன. பெட்டியைத் திறந்தால், கொடியில் காய்த்த அவரைக்காய் மாதிரி, சக்கரமும் விளக்கும் கதவும் ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை வெட்டி எடுத்து, பிசிறு நீக்கி, உப்புத் தாள் தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். ஒட்டும் திரவம் சாதாரணப் பசை அன்று. அது பிளாஸ்டிக்கையே சற்றுக் கரைத்து விடுகிறது; கரைந்த இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று கலந்து, உலர்ந்ததும் ஒரே துண்டாகி விடுகின்றன. 1930-ஆம் வருஷத்துப் பென்ட்லி மோட்டார் ஒன்றை இவ்விதம் செய்து முடிக்க நமக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதன் பிறகு நம் அலமாரி சீக்கிரத்தில் நிரம்பி விட்டது.

ஒரு நாள் நம் சகோதரியின் பெண், பதினொரு வயதுச் சிறுமி, அலமாரியை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்வையிட்டாள். பிறகு, "மாமா! இதிலே நம்ம ஊர் வண்டி ஒன்றுகூட இல்லையே?" என்றாள்.

நாம் பதில் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதில் இல்லை.

அன்றிரவு வெகு நேரம் யோசித்தோம். நம் கரையில் பல தலைமுறைகள் மனிதரையும் சரக்கையும் சுமந்து, இப்போது ஏறக்குறைய மறைந்து போன வாகனம் எது? வெள்ளைக்காரர்கள் மசூலா என்றும், நம் பழைய வழக்கில் சலங்கு என்றும் சொல்லப்பட்ட படகுதான் நினைவுக்கு வந்தது.

சென்னைப் பட்டணத்துக்கு வெகு காலம் வரையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். நடுவில் அலைகள் அடுக்கடுக்காய் எழுந்து மோதும். ஐரோப்பியர்கள் ஆணி அடித்து இறுக்கிய தங்கள் படகுகளை அந்த அலைக்குள் விடத் துணியவில்லை. கவர்னர் ஆனாலும் சரி, கம்பெனி குமாஸ்தா ஆனாலும் சரி, சலங்கில் இறங்கித்தான் கரைக்கு வந்தாக வேண்டும். 1861-ல் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டது. பின்னர் துறைமுகச் சுவர்கள் எழுந்தன, 1881-ல் அடித்த புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். துறைமுகம் நிலைத்த பின் சலங்குக்குப் பிரயாணிகள் இல்லை. கரைவலை இழுக்கும் செம்படவர்களிடம் மட்டும் அது எஞ்சி நின்றது.

இந்தப் படகுக்குப் பெட்டி எந்தக் கடையிலும் இல்லை. செய்முறைத் தாளும் இல்லை. ஆனால் முன்னோடி ஒருவர் இருந்தார். 1806-ல் பிறந்த பிரான்ஸுவா எத்மோன் பாரிஸ் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, உலகைச் சுற்றிய தம் பிரயாணங்களில் போன இடமெல்லாம் அவ்வூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். சோழமண்டலக் கரையின் சலங்கும் கட்டுமரமும் அவருடைய ஏட்டில் இடம் பெற்றன. 1871-ல் பாரிஸ் நகரத்துக் கடற்படைப் பொருட்காட்சிசாலைக்குத் தலைவரான அவர், 1893-ல் இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். தாம் வரைந்த படகுகளுக்கெல்லாம் சிறு மாதிரிகள் செய்வித்து அங்கே வைத்தார். நம் படகின் உருவத்தைப் போற்றி வைக்க ஒரு பிரெஞ்சுக்காரருக்குத் தோன்றியது. நமக்குத் தோன்ற ஒரு சிறுமி கேள்வி கேட்க வேண்டியிருந்தது!

அளவு தீர்மானித்தோம். இருபத்து நான்கில் ஒரு பங்கு. 30 அடிப் படகு 15 அங்குலம் ஆகும். 10 அடி அகலம் 5 அங்குலம் ஆகும். ஓர் அங்குலப் பலகையின் கனத்துக்கு ஒரு மில்லிமீட்டர்ப் பிளாஸ்டிக் தகடு சரியாய் அமைந்தது. தகட்டைப் பலகைகளாக அறுத்து, கொதிக்கும் நீரில் தோய்த்து வளைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினோம். வெளிப்புறத்தில் தையல் இருக்க வேண்டிய இடங்களில் மெல்லிய தூரிகையால் சிறு சிறு கோடுகள் தீட்டினோம். மாமரத்தின் நிறம் வரும்படி வெளிர் மஞ்சளின் மேல் பழுப்பை உலர்ந்த தூரிகையால் இழுத்தோம். மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும், "அசல் மரம்!" என்றார்கள். நமக்கும் தலை சற்றுக் கனத்துத்தான் போயிற்று.

அந்தக் கனத்தோடு தோணிரேவுக்குப் பிரயாணமானோம்.

சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள சிற்றூர் தோணிரேவு. ஊரின் பெயரே ஒரு சிறு சரித்திரம். தோணி தமிழ்; ரேவு என்பது தெலுங்கில் துறை. ஏரியின் ஒரு பகுதி தமிழ்நாட்டிலும் மற்றொரு பகுதி ஆந்திரத்திலும் இருப்பது போலவே, ஊரின் பெயரும் இரண்டு பாஷைகளில் கால் வைத்து நிற்கிறது. பக்கத்தில் பழவேற்காட்டில், 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை மண்மேடாகிக் கிடக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் வானத்தில் ஏறுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவில், இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தேடும் ஜனங்கள் வாழ்கிறார்கள்.

வாலிபத்தில் கடற்கரைக் குப்பம் ஒன்றில் கரைவலைப் படகு தள்ளிய முதியவர் ஒருவர் அவ்வூரில் இருப்பதாக, உபாத்தியாயராக இருந்த நண்பர் சொல்லியிருந்தார். துறையில் ஃபைபர் படகுகள் வரிசையாய்க் கிடந்தன. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி வந்த ஆழிப் பேரலைக்குப் பின், உதவியாக அளிக்கப்பட்ட இத்தகைய படகுகள் தமிழ்நாட்டுக் கரையெங்கும் பெருகி விட்டன. கண்ணாடி நாரையும் பிசினையும் அச்சில் இட்டு வார்த்தவை. ஒரு விதத்தில் பார்த்தால், நம் பெட்டி மோட்டார்களின் பெரிய தமையன்மார்!

பெரியவர் பூவரச நிழலில் உட்கார்ந்திருந்தார். கண் பார்வை மங்கி விட்டது. மாதிரியை அவர் மடியில் வைத்தோம். அவர் அதைப் பார்க்க முயலவே இல்லை. இரு கைகளாலும் இரு பக்கங்களையும் பிடித்து, மெதுவாய் உள்ளே அழுத்தினார். படகு அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் சற்று அழுத்தினார். 'டக்' என்று ஓர் ஓசை எழுந்தது.

"தம்பி, இது ஒட்டின படவு. தைச்ச படவு இல்லே" என்றார்.

நாம் அவசரமாகத் தூரிகைக் கோடுகளைப் பற்றிச் சொன்னோம்.

"கோடு போட்டா தையல் ஆயிடுமா? முதல் அலையிலேயே பொளந்துடும். அலை அடிச்சா பலகை உள்ளே போகணும், அப்புறம் வெளியே வரணும். மூச்சு விடற மாதிரி. அதுக்குத்தானே ஆணி இல்லாம தைக்கிறது!"

நமக்கு முகம் சுருங்கி விட்டது. சலங்குக்கு ஆணி கிடையாது, உள்ளே விலாச் சட்டங்களும் கிடையாது என்று நாம் படித்திருந்தோம். நாலு பேரிடம் எடுத்துச் சொல்லியும் இருந்தோம். ஆனால் அது எதற்காக என்று நம் விரல்களுக்குத் தெரியவில்லை. படகின் தோற்றத்தைச் செய்திருந்தோமே தவிர, படகைச் செய்யவில்லை.

"தையல் எப்படிப் போடுவது, ஐயா?" என்று கேட்டோம்.

அவர் மருமகளைக் கூப்பிட்டார். அவ்வூர்ப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைவதில் கைதேர்ந்தவர்கள். அந்த அம்மாள் இரண்டு ஓலைத் துண்டுகளைக் கொண்டு வந்து கொடுத்தாள். பெரியவர் அவற்றை விளிம்போடு விளிம்பாக வைத்து, ஊசியால் இரு பக்கமும் நேருக்கு நேர் துளையிட்டார். சந்தின் மேல் ஓலைச் சீவலைத் திரித்து நீளவாக்கில் வைத்தார். அதன் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாய் இழுத்து முடிந்தார். "பெரிய படவுக்கு இது தென்னை நார், இல்லாட்டி வைக்கோல். உள்ளே ஒருத்தன், வெளியே ஒருத்தன். இறுக்கினா புரி அமுங்கிச் சந்தை அடைச்சுக்கும்" என்றார். அரைக் கண் பார்வையோடு அவர் போட்ட தையலில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. விரல்களுக்கு ஞாபகம் இருந்தது.

திரும்பி வந்து பழைய மாதிரியை அலமாரிக்குப் பின்னால் வைத்தோம். புதிதாய்த் தொடங்கினோம். மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு துளை. ஒரு சந்துக்கு இரண்டு வரிசை. மொத்தம் பத்துச் சந்துகள். கணக்குப் போட்டால் 2,540 துளைகள் வந்தன. எல்லாம் கையால் திருகும் சிறு துரப்பணத்தால் போட வேண்டியவை. நூலைக் கொஞ்சம் பலமாய் இழுத்தால் துளைக்கும் துளைக்கும் இடையே பிளாஸ்டிக் விண்டு போயிற்று. மூன்று பலகைகள் அப்படி வீணாயின. தளர விட்டால் சந்து வாயைப் பிளந்தது. இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் நடுவே உள்ள அந்த மயிரிழை அளவை எந்தப் புஸ்தகமும் சொல்லவில்லை. நம் மருமகள் உள்ளே ஊசியை வாங்கினாள்; நாம் வெளியிலிருந்து தள்ளினோம். ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே என்று பெரியவர் சொன்னது சரிதான்.

இந்த வேலையின் மத்தியில் ஒரு செய்தி நமக்குப் பெரிய தைரியம் அளித்தது. அஜந்தாவில் ஐந்தாம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியத்தை ஆதாரமாகக் கொண்டு, நம் கடற்படைக்காகப் பலகைகளைக் கயிற்றால் தைத்தே ஒரு கப்பல் கட்டினார்கள். கேரளத்துக் கைவினைஞர்கள் தைத்தார்கள். 2025-ஆம் வருஷம் மே 21-ந் தேதி கார்வாரில் அது கடற்படையில் சேர்க்கப்பட்டது. கௌண்டின்யா என்று பெயர். பழைய வரைபடம் ஏதும் இல்லாத காரணத்தால், அலையில் அது எப்படி மிதக்கும் என்று அறியச் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் பகுதியாரின் உதவியோடு மாதிரி வைத்துச் சோதித்தார்கள். பொம்மை என்று சிரித்த நண்பர்களுக்கு இச்செய்தியைத் தனித் தனியே வாசித்துக் காட்டினோம்.

ஐந்து மாதத்துக்குப் பின் மறுபடியும் தோணிரேவு. இம்முறை சிறுமியும் கூட வந்தாள். பெரியவர் முன் போலவே படகை அழுத்தினார். பக்கங்கள் உள்ளே போயின. கையை எடுத்ததும் வெளியே வந்தன. அவர் மீண்டும் ஒரு முறை அழுத்தினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து, சிறுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு நடந்தார்.

படகு மிதந்தது. ஒரு நிமிஷம் சென்றது. சந்துகளில் மெல்ல மெல்ல நீர் கசியத் தொடங்கியது. சிறிது நேரத்தில் அது ஒரு பக்கம் சாய்ந்தது. சிறுமி பதறிப்போய் எடுத்து விட்டாள். நமக்கோ, எட்டு மாத உழைப்பும் ஏரியில் போயிற்றே என்று இருந்தது.

பெரியவர் பொக்கை வாயால் சிரித்தார். "எந்தப் படவுதான் தண்ணி குடிக்கலே? இறைக்க ஒரு ஆள் எப்பவும் உண்டு. ஆனா மரம் தண்ணியிலே ஊறினா உப்பும்; உப்பிச் சந்தை மூடிக்கும். உன் பிளாஸ்டிக் நூறு வருஷம் ஊறினாலும் உப்பாது தம்பி. தையல் சரிதான். பலகைதான் மரமில்லே."

தையல் சரிதான் என்று அவர் சொன்னதே போதும் என்று நமக்குத் தோன்றிற்று. ஆனால் சிறுமிக்குப் போதவில்லை. "தாத்தா, மரத்திலே செய்தா நீங்க சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

பெரியவர் அவள் கையை வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தார். "சின்ன விரல். சின்னத் தையலுக்கு நல்லது. சீக்கிரம் வா" என்றார்.

சீக்கிரம் என்று அவர் சொன்னது ஏன் என்று அவளுக்கு விளங்கியிராது. நமக்கு விளங்கிற்று. நம் வீட்டுத் திண்ணையில் இப்போது மெல்லியதாய் இழைத்த மாம்பலகைகள் உலர்ந்துகொண்டிருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை மீண்டும் தோணிரேவுக்குப் புறப்படுகிறோம்.