தாம்பரம் சானடோரியம்

மறைமலை நகரில் பீச் வண்டி ஏறினால், தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன். "சானடோரியத்துல இறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க." மெப்ஸ் கம்பெனிகளுக்குப் போகிற கூட்டத்துக்கு அது ஒரு ஸ்டாப்பின் பெயர், அவ்வளவுதான்.

செக் நாட்டில் கார்லோவி வாரி மாதிரி ஊர்கள் ஊற்றுநீரை மருந்தாகக் கொடுத்துப் பிழைத்தவை. இங்கே ஊற்று கிடையாது, காற்றுதான் மருந்து. காசநோய்க்கு மாத்திரை வராத காலம். திறந்த ஜன்னல், ஓய்வு, நல்ல சாப்பாடு, இதுதான் சிகிச்சை. 1928ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார். 1937ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

சவுரிமுத்து அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர். 1914ல் கணிதமேதை ராமானுஜன் லண்டன் போன கப்பலில் அவரும் பயணம் செய்தார். 1917ல் ராமானுஜன் அவரிடமே நோயாளியாகப் போய்ச் சேர்ந்தார். ரொம்ப நாள் தங்கவில்லை. 1920ல் சேத்துப்பட்டில் இறந்தார். (அது காசநோய்தானா என்றே பிற்பாடு சந்தேகம் கிளம்பியது.)

அதே சேத்துப்பட்டில்தான் 1956ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் வந்தது. மெட்ராஸின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், மறு பாதிக்கு வீடு. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். நாங்கள் ஆபீஸில் பட்டன் கலருக்குச் செய்கிற ஏ/பி டெஸ்ட்தான், இங்கே பணயம் உயிர். வீடு என்றால் நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு, வேலைக்கும் போயாக வேண்டும். 1959ல் முடிவு வெளியானது: குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை.

கணிதத்தில் நாம் கொண்டாடும் அளவுக்கு இந்த ஆய்வைக் கொண்டாடியதில்லை என்பது என் மனக்குறை. சானடோரியம் என்றால் மாதக்கணக்கில் பிரிவு. கைக்குழந்தையை விட்டுவிட்டு வரும் அம்மா, கூலி நின்றுபோன குடும்பம். படுக்கையும் எல்லாருக்கும் கிடைக்காது. இனி மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றானது. உலகமெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

தாம்பரம் மூடப்படவில்லை. 1990களில் மற்ற இடங்களில் தொடவே பயந்த எச்ஐவி நோயாளிகளை இங்கே சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் பலருக்கு, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிப் போக வீடு இல்லை.