தூண்களின் கணக்கு

பினாங்குச் சாலையிலிருந்து கடற்புறம் நோக்கிச் செல்வது சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கிய இத்தெருவில், கடைவீடுகளின் முன்னே தூண்கள் வரிசையாக நிற்கும். தூணுக்கும் கடைவாயிலுக்கும் இடைப்பட்ட நடைவழியை மக்கள் ‘அஞ்சடி’ என்பர். வெயிலுக்கும் மழைக்கும் அது நல்ல ஒதுக்கிடம். ஆயினும் ஒரே மட்டமாக இராது. ஒரு கடையின் தரை உயர்ந்திருக்கும், அடுத்தது தாழ்ந்திருக்கும், இடையே மோட்டார் சைக்கிள் ஒன்றும் நிற்கும்.

அங்கே நாணயமாற்றுக் கடையொன்றில் கணக்கராக இருந்த ஒருவருக்கு நாற்பது வயதையொட்டி இடக்கால் இழுக்கத் தொடங்கியது. சில நாள் நன்றாக நடப்பார். சில நாள் தள்ளாடுவார். “பகலிலேயே குடித்துவிட்டு வருகிறார்” என்று பேசியவர்களும் உண்டு. குடிப்பழக்கமே இல்லாத அவருக்கு நோயைவிட அப்பேச்சே அதிகம் வலித்தது.

மருத்துவமனையில் நோயின் பெயர் தெரிந்தது: மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்பர். ஆனால் மூளையும் பார்வை நரம்பும்கூட அதற்குத் தப்புவதில்லை. நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மையலின் உறையை உடலின் தற்காப்பு ஆற்றலே சிதைத்துவிடுகிறது. மூளையிடும் கட்டளை காலுக்குத் தாமதமாகச் சேர்கிறது. சிலபோது சேராமலே போகிறது. 1868-இல் பாரிஸில் ஷார்க்கோ தெளிவுற விளக்கிய இந்நோய் குளிர்நாடுகளில் மிகுதி. நம் பக்கத்தில் அரிது. அரிதானதாலேயே அண்டை அயலார்க்கு அது குடியாகத் தோன்றியது.

அதன் பின் அளவைகள் தொடங்கின. 25 அடி தொலைவை, அதாவது ஏறத்தாழ ஏழரை மீட்டரை, விழாமல் இயன்ற விரைவில் நடக்கவேண்டும். இருமுறை நடந்து சராசரி காண்பர். அவருக்கு ஒன்பது நொடி ஆயிற்று. ஒன்பது குழிகளில் ஒன்பது சிறு குச்சிகளைச் செருகி மீண்டும் எடுக்கும் சோதனையும் உண்டு. கட்டுக்கட்டாகப் பணம் எண்ணிய விரல்கள் குச்சிக்குத் தடுமாறியது கண்டு அவரே சிரித்துவிட்டாராம். ஜான் கர்ட்ஸ்கி 1983-இல் விரித்து வெளியிட்ட அளவுகோல் 0 முதல் 10 வரை செல்வது. துணையின்றி நூறு மீட்டர் நடப்பவருக்கு ஐந்தரை. அதே தொலைவுக்குக் கைத்தடி வேண்டுமாயின் ஆறு. நடையை இத்துணை நுணுக்கமாகப் பார்க்கும் இக்கோல், கையின் தளர்ச்சியையும் உடற்சோர்வையும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அது அதன் குறை.

அவரிடம் வேறொரு கணக்கு இருந்தது. கடையிலிருந்து நாகூர் தர்கா மூலை நோக்கி நடக்கையில், இளைப்பாறுமுன் எத்தனை தூண்களைக் கடந்தார் என்பதே அது. முதலாண்டு முப்பது தூண்கள், மறுவாண்டு பதினெட்டு. நண்பகல் வெப்பத்தில் பன்னிரண்டு. வெப்பம் இந்நோயின் குறிகளை மிகுவிக்கும்; இதை ஊத்தாப் பெயராலேயே குறிப்பர். சூலியா தெருவின் அஞ்சடி அதை அவருக்கு நாள்தோறும் கற்பித்தது. மருத்துவமனையின் குளிர்ந்த, சமதளத் தாழ்வாரத்திலோ ஒன்பது நொடி ஒன்பது நொடியாகவே இருந்தது. “மாற்றமில்லை” என்று தாளில் எழுதினர்.

ஒருமுறை உடற்பயிற்சி மருத்துவப் பெண்ணொருத்தி, “ஐயா, வீட்டுக்கு எப்படிப் போகிறீர்கள்?” என்று கேட்டாள். தூண் கணக்கைச் சொன்னார். அவள் அதை அப்படியே குறித்துக்கொண்டு, ஆறு நிமிட நடைச் சோதனை வைத்தாள். முதல் இரு நிமிடம் சீராக நடந்தவர், நான்காம் நிமிடத்தில் பாதம் தரையில் உராய நடந்தார். குறுந்தொலைவு மறைத்ததை நெடுநேரம் காட்டிவிட்டது.

“தடி வைத்துக்கொள்ளுங்கள், ஐயா” என்றாள். நெடுநேரம் அவர் பேசவில்லை. தடியை எடுத்தால் அளவுகோலில் ஆறு. அந்த எண்ணை அவர் அறிந்திருந்தார். தெருவும் அறிந்துவிடும் என்று அஞ்சினார்.

இரு வாரம் கழித்துத் தடியோடு வந்தார். தாளில் ஐந்தரை அடிக்கப்பட்டு ஆறு எழுதப்பட்டது. அவர் சட்டைப் பையிலிருந்த சிறு குறிப்பேட்டை எடுத்து அவளிடம் காட்டினார். அன்றைய தேதிக்கு எதிரே இருபத்தாறு தூண்கள் என்று எழுதியிருந்தது. அதன் கீழே, கட்டம் கட்டி, “யாரும் குடி என்று சொல்லவில்லை” என்றும் எழுதியிருந்தார்.