எலிபெண்டாவில் எங்கள் சிறு காமிரா

பம்பாய்க் கடலில் ஒரு மணி நேரப் படகுப் பயணம். முழங்கால் நோவால் படியேற இயலாத அன்னையாரை அடிவாரத்து நிழலில் அமர்த்திவிட்டு, எலிபெண்டா குகைக்கு ஏறினோம். திரிமூர்த்தியை அவருக்குக் காட்ட எங்களிடமிருந்தவை கானன் எம் 50 மிரர்லெஸ் காமிராவும் உடன் வந்த 15-45 லென்ஸுமே. இரண்டும் சேர்ந்து அரைக் கிலோவுக்குச் சற்றே மேல், தோளுக்குச் சுமையில்லை.

வெயிலில் கடலும் படகும் தெளிவாய்ப் பதிந்தன. குகையிருளிலோ அந்த லென்ஸ் போதிய ஒளியை வாங்கவில்லை, ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தவே, படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றின. 4கே வீடியோவில் காட்சி குறுகி, ஏறத்தாழ 20 அடி உயரச் சிலை முழுதும் அடங்கவில்லை. முழு எச்.டி.க்கு மாற்றி, மூச்சடக்கி எடுத்தோம்.

இறங்கி வந்து சிறு திரையில் காட்டினோம். அன்னையார் கைகூப்பினார். குகைகளுக்குச் செல்லும் அன்பர்கள், இதற்கென உள்ள 22 எம்.எம். எப் 2 லென்ஸையும் கொண்டு செல்வது நலம்.