“ஒரு லைட் கம்பம் ஓட்டம், ரெண்டு லைட் கம்பம் நடை!” - தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றியே 21 கி.மீ தொட்ட மதுரைப் பெண்

அதிகாலை ஐந்து மணிக்கு மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனால், முந்தைய இரவின் மிச்சம் இன்னும் அங்கே கிடக்கும். தின்று போட்ட மக்காச்சோளக் கட்டை, பானிபூரித் தட்டு, ஐஸ்க்ரீம் குச்சி எல்லாம் கூட்டிப் பெருக்கப்படுவதற்கு முன்பே, குளத்தைச் சுற்றி ஆட்கள் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். வாக்கிங் போகும் பெரியவர்கள், 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டிய போலீஸ் தேர்வுப் பிள்ளைகள், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மூட்டையோடு பறக்கும் டூ வீலர்கள்... இவர்களுக்கு நடுவே, எந்த அவசரமும் இல்லாமல் ஒரே சீராக ஓடுகிறார் 43 வயதுப் பெண் ஒருவர்.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் காசாளர். அனுப்பானடிப் பக்கம் வீடு. கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகன் ப்ளஸ் டூ. தன் பெயரைச் சொல்ல விரும்பாத அவரை, தெப்பக்குளத்து நடைக் கூட்டம் “ஓட்டக்காரம்மா” என்றுதான் அழைக்கிறது.

“ஸ்கூல்ல படிக்கும்போது கோகோ டீம்ல கூட என்னைச் சேர்த்துக்கல. என்னைப் போய் ஓட்டக்காரம்மாங்கிறாங்க!” என்று சிரிக்கிறார்.

அம்மாவின் கால்

இந்தக் கதை ஓட்டத்தில் தொடங்கவில்லை. ஒரு கொப்புளத்தில் தொடங்கியது.

அவருடைய அம்மா முப்பது வருடங்கள் இட்லிக் கடை நடத்தியவர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்தால், பதினோரு மணி வரை நின்றபடியே வேலை. சர்க்கரை நோய் வந்து பதினைந்து வருடங்கள். மாத்திரை உண்டு, பரிசோதனை எப்போதாவதுதான். 2021-ல் செருப்புக்குள் புகுந்த சின்னக் கல் ஒன்று வலது காலின் சுண்டுவிரல் பக்கம் உரசிக் கொப்புளமானது. அம்மாவுக்கு வலிக்கவே இல்லை.

நாள்பட்ட சர்க்கரை நோய் செய்யும் பெரிய சதி இது. கால் நரம்புகள் உணர்ச்சியை இழந்துவிடும். முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால், புண் வந்தால் ஆறாது. மஞ்சள் பத்துப் போட்டு மூன்று வாரம் ஓட்டிய பிறகு மருத்துவமனைக்குப் போனபோது, விரல் கறுத்திருந்தது. முதலில் விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே கால்.

“ஆஸ்பத்திரில அம்மாகூட இருந்தப்ப, ‘வாரிசுக்கும் வரலாம், நீங்களும் டெஸ்ட் பண்ணிக்கங்க’ன்னு நர்ஸ் சொன்னாங்க. எனக்கு 6.2 வந்துச்சு” என்கிறார்.

அவர் சொல்வது ஹெச்பிஏ1சி. முந்தைய இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை. 5.7 முதல் 6.4 வரை இருந்தால், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயோடு இருப்பவர்கள் சுமார் 10.1 கோடி. அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. அந்த 13.6 கோடியில் இவரும் ஒருவர்.

மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. “ஆறு மாசம் டைம் தர்றேன். சோத்தைக் குறைங்க, நடங்க, முடிஞ்சா ஓடுங்க” என்றார். வேலை செய்யும் தசை, ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே இழுத்து எரித்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும் அந்த வழி திறந்தே இருக்கும் என்பதுதான் உடற்பயிற்சியின் சிறப்பு.

டி.வி.எஸ் 50 காவல்

2022 ஜனவரி. தெப்பக்குளத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், வீட்டிலிருந்து நடக்கும் தூரம் என்பது மட்டுமே. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஆயிரம் அடி. வெளிச்சாலையில் ஒரு சுற்று வந்தால், அவருடைய மொபைல் கணக்குப்படி 1.2 கி.மீ. வறண்டு கிடந்த காலத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய குளத்தில் இப்போது வைகைத் தண்ணீர் நிற்கிறது. காற்றும் கொஞ்சம் குளிர்ந்தே வருகிறது.

முதல் நாள், சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். இரண்டாவது லைட் கம்பத்தில் மூச்சு முட்டியது. அங்கேயே நின்றுவிட்டார்.

இருட்டு, நாய்கள், தனியாகப் பெண். பயந்துபோன கணவர், முதல் ஒரு வாரம் டி.வி.எஸ் 50-யில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். “நான் ஓட, அவர் வண்டியில துரத்த... பார்த்தவங்க, புருஷன் பொண்டாட்டி சண்டைபோலன்னு நெனச்சுட்டாங்க. ஒரு பெரியம்மா வண்டியை மறிச்சு, ‘ஏப்பா, பொம்பளப் புள்ளய இப்படியா வெரட்டுவ?’ன்னு கேட்டே கேட்டுருச்சு. மறுநாள்ல இருந்து அவர் வரல!”

பேச்சுகளுக்கும் குறைவில்லை. “பி.டி.உஷா போறாங்க டோய்” என்பது தெருவின் நிரந்தர வசனம். இந்தியாவில் ஓடும் எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பட்டம் இலவசம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்டவர் உஷா. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் ஓட அனுமதி கிடைத்ததும் அதே லாஸ் ஏஞ்சல்ஸில்தான். அதுவரை அவ்வளவு தூரத்தைப் பெண்ணுடல் தாங்காது என்றே பலர் நம்பினார்கள்.

உதவிக்கு வந்தவர், ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவர். “ஏத்தா, பஸ்ஸு எடுத்த எடுப்புல டாப் கியர்ல போகுமா? ஒரு கம்பம் ஓடு, ரெண்டு கம்பம் நட. பேச்சு வர்ற அளவுக்குத்தான் ஓடணும்” என்றார். ஓட்டப் பயிற்சியாளர்கள் உலகம் முழுக்கச் சொல்லித்தரும் முறையும் இதுதான். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் குறைக்க வேண்டும்.

ஒரு கம்பம் இரண்டானது. இரண்டு, நான்கானது. மார்ச் முடிவில் ஒரு நாள், தியாகராசர் கல்லூரிப் பக்கம் புறப்பட்டவர் நிற்காமல் மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்தார். ஒரு முழுச் சுற்று! பெண்கள் பேசத் தயங்கும் ஒன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறார். “ரெண்டு மாசம் நெஞ்சுல வலி. பயந்துட்டேன். அப்புறம் நர்ஸிங் படிக்கிற பொண்ணு ஒருத்தி, ‘அக்கா, முதல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குங்க’ன்னா. கடையில கேக்கவே கூச்சமா இருந்துச்சு. ஷூவுக்கு முன்னாடி அதைத்தான் வாங்கணும்.”

வீட்டுக்குள் ஒரு யுத்தம்

ஊர் வாயைவிட அவரை அதிகம் காயப்படுத்தியது, வீட்டுக்குள்ளிருந்து வந்த ஒரு வாக்கியம். ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிய ஒரு விடியலில், கட்டிலில் விழித்துக் கிடந்த அம்மா கேட்டார்: “ஒத்தக் காலோட கெடக்குறவ முன்னாடி, ரெண்டு காலையும் ஆட்டிக் காட்டுறியா?”

அன்று அவர் ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. மூன்றாம் நாள் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வாசலில் போய்ப் போட்டுக்கொண்டார். அதன்பிறகு பல மாதங்கள் அப்படித்தான். அம்மாவும் மகளும் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஆறு மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 5.8. அந்தத் தாளை அம்மாவிடம் காட்டவே அவருக்குத் தயக்கமாக இருந்தது. மகன்தான் பாட்டியிடம் வாசித்துக் காட்டினான். அம்மா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அவர் திரும்பி வந்தபோது மட்டும், “இன்னைக்கு எத்தன சுத்து?” என்று கேட்டார்.

“நாலு”னு சொன்னேன். ‘ம்’னுச்சு. அவ்வளவுதான். ஆனா அன்னையிலேர்ந்து ஷூவை வீட்டுக்குள்ளயே போட ஆரம்பிச்சேன்” என்கிறார்.

டீ-ஷர்ட், மெடல், வாழைப்பழம்

2022 செப்டம்பரில் முதல் போட்டி. விழிப்புணர்வுக்காக உள்ளூரில் நடந்த 5 கி.மீ ஓட்டம். முந்தைய நாள் போய் எண் அட்டை வாங்க வேண்டும். டீ-ஷர்ட் எக்ஸ்எல் சைஸில் மட்டும்தான் மிச்சம். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம், சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் ஏழுக்குத்தான் தொடங்கியது. அதுவரை மேடையில் ஜூம்பா. கொடி அசைந்ததும் சிறுவர்கள் வில்லிலிருந்து விட்ட அம்புபோலப் பாய்ந்து, அரை கிலோமீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசித் தண்ணீர் மேஜைக்கு இவர் போனபோது, காலி டம்ளர்கள்தான் இருந்தன.

ஆனாலும் 41 நிமிடத்தில் முடித்தார். கழுத்தில் மெடல், கையில் வாழைப்பழம். வீட்டுக்கு வந்ததும் அம்மா மெடலைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, “தகரம்” என்றார். ஆனால் அதைத் தன் கட்டில் தலைமாட்டு ஆணியில் மாட்டச் சொன்னார்.

அடுத்த ஒரு வருடத்தில் இரண்டு 10 கி.மீ ஓட்டங்கள். சிறந்த நேரம் 1 மணி 21 நிமிடம். அரை மாரத்தான் ஆசை வந்தது அப்போதுதான். முழு மாரத்தான் 42.195 கி.மீ. அதில் சரிபாதி, 21 கிலோமீட்டரும் கொஞ்சமும். “அறுபது வயசைத் தாண்டியும், நூறு அரை மாரத்தானுக்கு மேல ஓடியிருக்காரு நம்ம மா.சுப்பிரமணியன். ஒனக்கு என்ன?” என்று கண்டக்டர் ஐயா உசுப்பேற்றினார்.

16-வது கிலோமீட்டர்

2023 டிசம்பர், கோவை. மதுரை வெயிலில் பழகியவருக்கு அந்தக் குளிர் சொர்க்கம். 13 கி.மீ வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓடினார். அதற்கு மேல் வலது குதிகால் பக்கம் சுருக்கென்றது. 16-வது கிலோமீட்டரில் மருத்துவ முகாமில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினால், சாக்ஸில் ரத்தம். கொப்புளம் உடைந்திருந்தது.

அங்கிருந்தவர் பிளாஸ்திரி ஒட்டி, “இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே, மெதுவா நடந்தே முடிச்சிடலாம். டைம் இருக்கு” என்றார். அது உண்மைதான். நேரமும் இருந்தது, தெம்பும் இருந்தது.

“அந்த ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு அம்மா கால்தான் தெரிஞ்சுச்சு. எனக்கு வலிச்சுது பாருங்க, அதுவே பெரிய விஷயம். வலி தெரியுறவ அதைக் கேக்கணும்ல? ‘நான் நிறுத்திக்கிறேன்’னு சொல்லிட்டேன்.”

மெடல் இல்லாமல் சிங்காநல்லூரில் மதுரை பஸ் ஏறினார். வழியெல்லாம் அழுகை. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். “காலக் காட்டு” என்றார். மகளின் பாதத்தைத் தன் மடியில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “நின்னியே, அது போதும். நான் நிக்கல.”

பன்னிரண்டு நாள் ஓட்டத்துக்குத் தடை போட்டவரும் அம்மாதான். புண் காய்ந்து தோல் மூடியதைத் தானே பார்த்த பிறகுதான் அனுமதித்தார். அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டில் மூன்று கால்களுக்குப் பரிசோதனை நடக்கிறது. மகளின் இரண்டையும் அம்மா பார்க்கிறார். அம்மாவின் ஒன்றை மகள் பார்க்கிறார். பாதத்தின் அடிப்பக்கம் பார்க்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, விரலிடுக்கைத் துடைக்க ஒரு பருத்தித் துணி. மொத்தம் ஐந்து நிமிடம்.

அடுத்த டிசம்பரில் அதே கோவையில், 2 மணி 54 நிமிடத்தில் 21 கிலோமீட்டரை முடித்தார். கால் ஷூவுக்குள் நழுவாமல் அரை சைஸ் மாற்றி வாங்கியிருந்தார். பருத்தி சாக்ஸை விட்டு, வியர்வையை வெளியேற்றும் சாக்ஸுக்கு மாறியிருந்தார். இப்போது ஹெச்பிஏ1சி 5.6.

ஓட நினைப்பவர்களுக்கு ஓட்டக்காரம்மா சொல்பவை...

* 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஓட ஆரம்பிக்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை சட்டெனக் குறையலாம். பையில் குளுக்கோஸ் அல்லது மிட்டாய் இருக்கட்டும்.

* தினமும் ஓட வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் நடை போதும். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு.

* புது ஷூ, புது சாக்ஸைப் போட்டியன்று முதன்முதலாகப் போடக் கூடாது. பழகியதோடுதான் போக வேண்டும்.

* தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். பயத்தில் லிட்டர் கணக்கில் குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து மயக்கம் வரலாம்.

* நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடினால்தான் துரத்தும்.

* நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், ஒரே இடத்தில் கூடிக்கொண்டே போகும் வலி... இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு அதோடு போதும்.

முழு மாரத்தான் எப்போது என்று நடைக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை என்கிறார். அவருக்கு வேறொரு கவலை. பட்டறை ஸ்டூலில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் கணவருக்கு, போன மாதம் எடுத்த பரிசோதனையில் 6.0 வந்திருக்கிறது.

“டி.வி.எஸ் 50-யை விக்கச் சொல்லிட்டேன்” என்கிறார், ஷூ நாடாவை இறுக்கிக் கட்டியபடி.